குதிரை ஏறாத துப்பாக்கிக்காரர்

வென்டெல் டில்பி முப்பது வருஷத்துக்கு மேலாகக் கௌபாய் படங்களில் நடித்து வந்தார். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் குதிரை மேல் ஏறியதில்லை.

ஏற வேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான் உண்மை. சாராயக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்று கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான் வென்டெல். தந்தி ஆபீஸில் உட்கார்ந்து கட்டை தட்டுகிறவர், சவப்பெட்டி செய்ய நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அளவெடுக்கிறவர், குண்டடி பட்டவன் தோளிலிருந்து குண்டை எடுத்துத் தட்டில் 'டங்'கென்று போடுகிற டாக்டர், எல்லாம் அவரே. படம் பார்க்கிறவர்களுக்கு அந்த நீள மூக்கும் தொங்கு மீசையும் நன்றாகத் தெரியும். பெயர் தெரியாது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அவர் லோன் பைன் ஊருக்கு முதன்முதலில் வந்தது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார், தந்தி குமாஸ்தா வேஷத்துக்காக. ஊருக்கு மேற்கே பனி போர்த்திய மலை. மலையடியில் உருண்டை உருண்டையாகப் பாறைக் காடு. அந்தப் பாறைகளுக்கு நடுவேதான் படக் கம்பெனிகள் வருஷா வருஷம் கூடாரம் அடிக்கும். ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்த லியோட்டா அவருக்கு ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தாள்.

"நான் கேக்கலியே," என்றார் வென்டெல்.

"உன் மூஞ்சி கேட்டுச்சு," என்றாள் அவள்.

படப்பிடிப்பு முடிந்து எல்லாரும் பஸ் ஏறினார்கள். வென்டெல் ஏறவில்லை. ஊரிலேயே ஆணி, குழாய், பெயின்ட் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தார். படம் வந்தால் நடிப்பார், வராதபோது கடையில் நிற்பார். ஒழுகுகிற குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான வளையத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். படத்தில் ஒரு வசனம் நன்றாக வந்துவிட்டால் உண்டாகிற சந்தோஷத்துக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை.

குதிரை விஷயம் வேறு. சின்ன வயதில் ஃப்ரெஸ்னோவில் அவர்கள் தெருவுக்கு ஐஸ் வண்டி வரும். ஒரு நாள் அந்த வண்டிக் குதிரை அவர் பாதத்தின் மேல் காலை வைத்துவிட்டது. வைத்த காலை எடுக்கவே இல்லை. ஐஸ்காரர் பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பையன் கத்துகிறான், குதிரையோ எங்கோ பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. கோபத்தில் மிதித்திருந்தாலாவது பரவாயில்லை. தன் காலடியில் ஒரு ஆள் அலறுவது அதற்குத் தெரியக்கூட இல்லை என்பதுதான் அவர் மனசில் தங்கிவிட்டது. இரண்டு விரல்கள் கோணிப்போயின. அன்றிலிருந்து குளம்பு உள்ள எந்தப் பிராணியைக் கண்டாலும் அவர் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

அவர் பெண்ணெடுத்த குடும்பமோ கோவேறு கழுதைகளை வைத்தே பிழைக்கிற குடும்பம். மலையேறப் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளைக் கழுதைகளின் முதுகில் கட்டி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் தொழில். லியோட்டாவின் தம்பி ஹார்லன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளைக்கு ஒரு வெள்ளைக் குதிரையைச் சேணம் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். கால்சட்டை இறுக்கமாக இருக்கிறது, கிழிந்துவிடும் என்றார் வென்டெல். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஒரு சாக்கு. ஒரு தடவை முதுகுப் பிடிப்பு, ஒரு தடவை ஜலதோஷம், ஒரு தடவை மழை வரும்போல இருக்கிறது. லோன் பைன் இருக்கிற அந்த வறண்ட ஓவென்ஸ் பள்ளத்தாக்கில் மழை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஹார்லன் நம்பவில்லை. ஆனால் மச்சான் பட்டணத்துக்காரர், உடம்பு வளையாத ஆள் என்ற அளவில் விட்டுவிட்டான். கிண்டல் மட்டும் நிற்கவில்லை.

எழுபத்து நான்காம் வருஷம் வசந்தத்தில் போன் வந்தது. வென்டெல் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். பேசியவர் ப்ரூயிட் என்ற டைரக்டர்.

"மிஸ்டர் டில்பி, இந்தத் தடவை நீங்க பார்ல நிக்கப் போறதில்ல," என்றார் ப்ரூயிட். "துப்பாக்கிக்காரர். மூணு பேர்ல ஒருத்தர்."

கதையையும் சொன்னார். ஒரு காலத்தில் பெயரைக் கேட்டாலே ஊர் கதவடைத்துக்கொண்ட நாலு துப்பாக்கிக்காரர்கள். நாலாவது ஆள் படுக்கையிலேயே செத்துப்போகிறான். அவனை அவன் பிறந்த ஊரில் புதைக்க வேண்டும். மீதி மூன்று கிழவர்களும் சவப்பெட்டியோடு பாலைவனத்தைக் கடக்கிறார்கள். வழியில் பழைய பகையாளிகள் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்கும் வயதாகிவிட்டது. தலைவன் வேஷத்துக்கு டேட் கார்மடி. பெயரைக் கேட்டதும் வென்டெலின் கையிலிருந்த முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. டேட் கார்மடி படம் என்றால் டிக்கெட் வரிசை தெருமுனை தாண்டிப் போன காலம் உண்டு.

"சவாரியெல்லாம் பிரச்சினை இல்லையே? முப்பது வருஷமா வெஸ்டர்ன்ல இருக்கீங்க, உங்களப் போய் இதைக் கேக்கறேன் பாருங்க!" என்று ப்ரூயிட் சிரித்தார்.

வென்டெலும் சிரித்தார். அந்தச் சிரிப்பையே ப்ரூயிட் பதிலாக எடுத்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அவர் அங்கேயே நின்றார். லியோட்டா பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் துண்டை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

"லியோட்டா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"குதிரைன்னா உனக்கு பயம். அதானே?"

அவர் வாயைப் பிளந்தார். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"கல்யாணத்துல. அந்த வெள்ளைக் குதிரை தும்மினப்ப நீ பாதிரியார் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்ட. கால்சட்டையாம், கிழிஞ்சிடுமாம்!" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"சொல்லணும்னா நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன். போ, ஹார்லனப் போயி பாரு."

மைத்துனனிடம் போய் நிற்பது குதிரையின் முன்னால் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஹார்லன் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான்.

"மச்சான்! முப்பது வருஷம் கௌபாய்! ஊர்ல புள்ளைங்க உன்னைப் பாத்துட்டு துப்பாக்கி சுடற மாதிரி விரல நீட்டுதுங்க. நீயும் செத்து விழற மாதிரி நடிக்கிற. உனக்கு குதிரைன்னா பயமா?"

"சிரிச்சு முடிச்சிட்டியா? முடிச்சிட்டா கத்துக் குடு."

ஹார்லன் இருக்கிறதிலேயே கிழட்டுக் குதிரையாகப் பார்த்துப் பிடித்து வந்தான். அது நின்றுகொண்டே தூங்குகிற ஜாதி. வென்டெல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் உடம்பு முழுக்க மரக்கட்டையாக விறைத்துப்போயிற்று. முதுகில் ஏதோ விபரீதம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, தூங்கிய குதிரை விழித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.

"மூச்சு விடு மச்சான்! மூச்சு விடு!"

"விட்டுட்டுத்தான் இருக்கேன்!"

"உள்ள இழுக்கற, வெளிய விடல!"

கொஞ்ச நேரத்தில் வென்டெல் வைக்கோல் போரின் மேல் இருந்தார். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் குதிரை, அவர் வருவதைப் பார்த்ததுமே கொட்டகையின் மறுகோடிக்குப் போய்விட்டது. ஹார்லன்கூடக் கிண்டலை விட்டுவிட்டான். அவன் கிண்டலை நிறுத்திவிட்டால் நிலைமை மோசம் என்று வென்டெலுக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றி, உள்ளே இருந்த வைக்கோலை முற்றத்தில் உதறினார்.

"அந்த டைரக்டர்கிட்ட சொல்லிடறேன்," என்றார். "வேற ஆளைப் பாத்துக்கட்டும். பொய் சொல்லி உள்ள போயி எல்லார் பொழப்பையும் கெடுக்கக் கூடாது."

லியோட்டா அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டாள். "போன்ல சொல்லாத. நேர்ல போயி சொல்லு. நானும் வரேன்."

படப்பிடிப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் காலை இருவரும் பாறைக் காட்டுக்குப் போனார்கள். ப்ரூயிட் மேஜை போட்டு, வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நிழலில் டேட் கார்மடி மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ராஜா மாதிரி இருந்தார். மூன்றாவது துப்பாக்கிக்காரராக நடிக்க வந்த லெம் பின்ச் மட்டும் உட்காராமல் ஒரு பாறையில் சாய்ந்தபடி நின்றார்.

வென்டெல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சவாரி வராது. பயம். கற்றுக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்க வேண்டும்.

ப்ரூயிட்டின் முகம் கறுத்தது. "நாளைக்கு ஷூட்டிங், மிஸ்டர் டில்பி. தூரத்துல போறதுக்கு டூப் போட்டுடலாம். ஆனா பாதிப் படம் மூணு பேரும் குதிரை மேல பேசிக்கிட்டே வர்றீங்க. உங்க மூஞ்சி வேணுமே! இப்பப் போயி நான் யாரத் தேடுவேன்?"

"எனக்கும் கொஞ்சம் பேசணும்," என்று நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. டேட் கார்மடி எழுந்தார். எழுந்திருப்பதற்கு நாற்காலியின் இரண்டு கைகளும் லெம்மின் ஒரு கையும் தேவைப்பட்டன. சட்டையை வெளியே இழுத்துத் தூக்கிக் காட்டினார். மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பட்டைக் கச்சு, பின்புறம் முழுக்க வரிந்து கட்டியிருந்தது.

"இதுனாலதான் நான் நிமிந்து உக்காந்திருக்கேன், கம்பீரத்துனால இல்ல," என்றார். "போன படத்துல என்னைக் குதிரை மேல ஏத்த ஏணி வச்சாங்க. எறக்க ரெண்டு பேர். டாக்டர் இனிமே கூடாதுன்னுட்டார். உங்ககிட்ட சொன்னா வேஷம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டு வந்தேன்."

ப்ரூயிட் மெதுவாகத் திரும்பி லெம் பின்ச்சைப் பார்த்தார். "நீங்க?"

லெம் தொண்டையைச் செருமினார். லியோட்டா நிற்கிற பக்கம் பார்க்காமல், "ஏன் உக்காராம நிக்கறேன்னு நெனச்சீங்க?" என்றார். "மூலம். சாதா நாற்காலியே தகராறு. இதுல சேணம்!"

லியோட்டாதான் முதலில் சிரித்தாள். அடுத்தது டேட். சிரித்தால் முதுகு வலிக்கிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். வென்டெலுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது.

ப்ரூயிட் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். "மூணு துப்பாக்கிக்காரங்க. ஒருத்தராலயும் குதிரை ஏற முடியாது. நான் என்ன படம் எடுக்கறது?"

"கிழவனுங்களப் பத்திதானே எடுக்கறீங்க?" என்றார் டேட். "நாங்க நடக்கறோம். குதிரைங்கள எப்பவோ வித்துத் தின்னுட்டோம். பெட்டியை ஒரு கழுதை மேல ஏத்துங்க, நாங்க பக்கத்துல நடந்து வரோம்."

தயாரிப்பாளருக்குப் போன் போட ப்ரூயிட் ஊருக்குள் ஓடினார். ஹோட்டல் கூடத்தில் நின்று அவர் பேசியதைவிடக் கேட்டுக்கொண்டதுதான் அதிகம். கௌபாய் படத்தில் குதிரை இல்லையா என்று மறுமுனை கத்தியது கூடத்துக்கே கேட்டது. கடைசியில், பின்னாலேயே வந்திருந்த டேட் போனைக் கையில் வாங்கினார். "ஒண்ணு, நான் இந்தப் படத்துல நடக்கறேன். இல்லேன்னா, இப்பவே எங்க வீட்டுக்கு நடக்கறேன்," என்று சொல்லிவிட்டு போனைத் திரும்ப ப்ரூயிட்டிடம் கொடுத்தார். மறுமுனை 'சரி' என்றது.

கழுதை ஹார்லனுடையது. பெயர் மிஸஸ் பாக்ஸ்டர். பள்ளிக்கூடத்தில் தன் காதைத் திருகிய டீச்சரின் நினைவாக ஹார்லன் வைத்த பெயர். மலைப்பாதையில் எத்தனையோ வருஷம் சுமை தூக்கிய அனுபவசாலி, சவப்பெட்டியை முதுகில் கட்டியபோது காதைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அதன் கயிற்றை யாராவது பிடித்து நடக்க வேண்டுமே? டேட்டின் முதுகுக்கு அந்த இழுப்பு ஆகாது. லெம்முக்கு இடது கையில் கட்டுப் போட்டு நடிக்கிற வேஷம். எல்லாரும் வென்டெலைப் பார்த்தார்கள்.

"ஏறத்தான் மாட்டேன்னேன்," என்றார் வென்டெல். "இழுக்க மாட்டேன்னு சொல்லலியே." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

ஹார்லன் கயிற்றை அவர் கையில் வைத்தான். "திரும்பிப் பாக்காத மச்சான். நீ பாத்தா அதுவும் உன்னையே பாத்துக்கிட்டு நிக்கும். நீ பாட்டுக்கு நட, அது பாட்டுக்கு வரும்."

வென்டெல் நடந்தார். முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம். கழுத்தில் சூடாக மூச்சுக் காற்று. கை வியர்த்து, கயிறு ஈரமாகிவிட்டது. பாறை வளைவு வரை போய், திரும்பி, மறுபடியும் வந்தார். கழுதை நின்றபோது அவரும் நின்றார். அது ஒரு காலை வைப்பதற்கு முன் குனிந்து மண்ணைப் பார்த்து, இடம் தேடி, பிறகே வைத்தது. வென்டெல் அதை ஓரக்கண்ணால் கவனித்தார். எங்கே மிதிக்கிறோம் என்று பார்த்து மிதிக்கிற பிராணி! அதை நம்பலாம்போல இருந்தது. மறுநாள் காலையில் யாரும் சொல்லாமல் அவரே போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

அந்த வாரக் கடைசியில் ஹார்லன் கண்ட காட்சி இது: படப்பிடிப்புக்கு நடுவே எல்லாரும் நிழலில் காபி குடிக்கிறார்கள். வென்டெல் மட்டும் கழுதையின் பக்கத்தில் நின்றுகொண்டு, செம்புக் குழாய்க்கும் இரும்புக் குழாய்க்கும் ஏன் சேராது என்று அதற்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன சொல்லுது மிஸஸ் பாக்ஸ்டர்?" என்று கத்தினான் ஹார்லன்.

"ஒண்ணும் சொல்லல. உன்னைவிட நல்லா கேட்டுக்குது."

படம் எடுத்த நாட்கள் வென்டெலின் வாழ்க்கையிலேயே குதூகலமான நாட்களாக அமைந்தன. மூன்று கிழவர்களும் மணலில் நடந்தபடி பேசுவார்கள். எழுதிக் கொடுத்த வசனம் பாதி, அவர்களாகப் பேசியது பாதி. மூட்டு வலி, செத்துப்போனவன் கடன் வாங்கித் திருப்பித் தராத தொப்பி, யார் முதலில் யாரைச் சுட்டது என்ற பழைய வாக்குவாதம். முதலில் முகம் சுளித்த ப்ரூயிட், நாலைந்து நாளில் "கட்" சொல்வதையே மறந்து கேட்க ஆரம்பித்தார். பகையாளிகள் வழிமறிக்கிற காட்சியில் டேட் துப்பாக்கியை எடுக்கிறார். எதிராளிக்குக் கண் தெரியவில்லை, எந்தப் பக்கம் சுட வேண்டும் என்று கேட்கிறான். வென்டெல் போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி விடுகிறார். பிறகு எல்லாரும் சேர்ந்து பெட்டியைத் தூக்குகிறார்கள்.

கடைசியில் குழி வெட்டிப் பெட்டியை இறக்குகிற காட்சி. பேசவேண்டியவர் டேட். அவர் தொப்பியைக் கழற்றினார். வாய் திறக்க முடியவில்லை. இதே ஊரில், இதே பாறைகளில், தன்னோடு நடித்து இப்போது இல்லாமல் போன எத்தனையோ பேர் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வென்டெல் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்ல மனுஷன்," என்றார் குழியைப் பார்த்து. "கொஞ்சம் கனம் ஜாஸ்தி."

லெம் சிரித்துவிட்டார். டேட்டும் அழுகைக்கு நடுவே சிரித்தார். ப்ரூயிட் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

படம் மறுவருஷம் வந்தது. பிரமாதமாக ஓடவில்லை, ஆனால் போன ஊரில் எல்லாம் ஒரு வாரமாவது நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்று வென்டெலைப் பற்றி இரண்டு வரி நல்லபடியாக எழுதி, பெயரை டில்பெரி என்று போட்டிருந்தது. பிஷப் என்ற பக்கத்து ஊர்த் தியேட்டரில் மத்தியானக் காட்சிக்கு லியோட்டாவும் ஹார்லனும் அவன் ஆட்களும் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். கழுதை திரையில் வந்தபோதெல்லாம் ஹார்லன் ஆட்கள் விசிலடித்தார்கள். வெளியே வந்ததும் ஹார்லன் வென்டெலின் கையைப் பிடித்துக் குலுக்கினான். மூக்கைச் சிந்திக்கொண்டு தன் வண்டியைப் பார்க்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் வென்டெல் குழாய்க் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். இரண்டு படத்தில் பாதிரியாராக வந்தார், ஒன்றில் நீதிபதி. டேட் கார்மடிக்கு அந்த ஊர் பிடித்துப்போய், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லெம்மையும் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்க வரத் தொடங்கினார். ஓடையோரம் பாப்ளார் மர இலைகள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். லெம்முக்கு மட்டும் லியோட்டா ஒரு தலையணையைக் கொடுத்தனுப்புவாள். மூவரும் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பேச உட்காருவார்கள், பேச்சுச் சத்தத்துக்கு மீன் எதுவும் அந்தப் பக்கம் வராது.

"இன்னிக்கு எத்தனை?" என்று லியோட்டா வாசலிலேயே கேட்பாள்.

"நாளைக்குப் பிடிச்சிடுவோம்," என்பார் டேட்.

அவள் ஏற்கெனவே உருளைக்கிழங்கு வறுத்து, பன்றி இறைச்சி பொரித்து வைத்திருப்பாள். அவர்கள் கை கழுவிக்கொண்டு உட்காருவார்கள். வென்டெல் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டாக எடுத்து வைப்பார்.